சாயல் விசாரணை

அவசர உதவி இலக்கத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் விளங்காத பேச்சினால் முதியவர் ஒருவர் உயிரிழந்தார் என்று ஹெல்விக் நகரத்துக் காலைச் செய்தி அறிவித்தபோது, அந்தப் பெண்ணின் தகப்பன் குகநேசன் குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். செய்தியில் பெயர் சொல்லவில்லை. ‘தமிழ்ச் சாயல் கொண்ட பணியாளர்’ என்று மட்டும் சொன்னார்கள். பெயரே சொல்லியிருக்கலாம். கடலும் மீன் தொழிற்சாலையும் ஒரு தேவாலயமும் தவிர வேறொன்றும் இல்லாத அந்தக் குளிர்ப் பட்டினத்தில், அவசர உதவி இலக்கத்துக்குப் பின்னால் இருந்த தமிழ்ச் சாயல் ஒன்றே ஒன்றுதான். அது அப்போது மேல்மாடியில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தது.

குகநேசனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கையிலிருந்த, பிட்டு அவிக்கும் பனையோலை நீத்துப்பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்க ஓங்கினார். ஊரிலிருந்து பார்சலில் வந்த நீத்துப்பெட்டி, நசிந்தால் இந்த நாட்டில் இன்னொன்று கிடைக்காது என்பது ஓங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அதைப் பக்குவமாகக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்து எறிந்தார். கோபத்திலும் சேதாரம் பார்க்கிற மனிதர்.

“விளங்காத பேச்சாம்! இந்த ஊரில பிறந்து, இந்த ஊர்ப் பாலைக் குடிச்சு, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில பாட்டுப் பாடின பிள்ளையின்ர பேச்சு விளங்காதாம்!”

“குகா,” என்றாள் மனைவி சிக்ரிட். “நீ முதலில் கரண்டியை எடு. அதன் பின்பு கோபம் கொள்.”

சிக்ரிட்டுக்குத் தமிழில் ‘வணக்கம்’, ‘பிட்டு’, ‘போதும்’ ஆகிய மூன்று சொற்களுக்கு மேல் தெரியாது. அவள் பேசியது அந்த நாட்டு மொழி. குகநேசனின் காதில் அது தமிழாக, அதுவும் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் அகராதியைப் பார்த்துப் பிரசங்கம் செய்வதுபோலத் தமிழாக விழுந்தது. இருபது வருடமாக அப்படித்தான் விழுகிறது. விழவைத்தது அவர் காதுமடலில் தொங்கிய கடலைப் பருப்பு அளவுக் கருவி. கம்பெனி அதற்கு நீளமான பெயர் வைத்திருந்தது. தமிழர்கள் ‘தோடு’ என்றார்கள்.

அந்தப் பட்டினத்தில் எல்லோரிடமும் தோடு இருந்தது. கேட்கிற எல்லாப் பேச்சும் அதற்குள்ளால் போய், அவரவர் மொழியில் வெளியே வரும். மற்றவர்கள் வேண்டுமானால் கழற்றி வைக்கலாம். குகநேசன் கழற்ற முடியாது. மீன் தொழிற்சாலையில் தலை வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்றதில் மீன்களுக்குத் தலை போனது, அவருக்குக் காது போனது. எலும்பின் வழியாக ஒலியை உள்ளே செலுத்தும் தோடு இல்லாவிட்டால் அவர் ஒரு கருங்கல். தோடு வந்த பிறகு இந்த நாட்டு மொழியைப் படிக்கும் வேலையையும் அத்தோடு விட்டுவிட்டார். மாலை வகுப்புக்குப் போகத் தேவையில்லை என்று அன்று அவர் பட்ட சந்தோஷத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கும்.

சிக்கல் தோட்டில் இல்லை. பிறகு வந்த சட்டத்தில் இருந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர், தொலைபேசியில் தேனாய்ப் பேசிய ஒருவருக்கு வீட்டை வாடகைக்குக் கொடுத்தார். வாசலில் வந்து நின்றது ஒரு கறுத்த முகம். ‘குரலைக் கேட்டு ஏமாந்தேன்’ என்று அவர் வழக்குப் போட்டார். வென்றும்விட்டார். அதற்குப் பின் வந்ததுதான் தோற்ற நேர்மைச் சட்டம். யார் பேசினாலும், எந்த மொழியில் எவ்வளவு சுத்தமாகப் பேசினாலும், கேட்பவரின் காதில் பேசுபவரின் பூர்வீகச் சாயல் சேர்ந்தே விழவேண்டும். மீன் பெட்டியில் பிடித்த கடலின் பெயர் ஒட்டுவதுபோல.

“ஒரே மொழியில கதைக்கேக்கை தோட்டுக்கு அங்க என்ன வேலை? மொழிபெயர்க்க ஒண்டுமில்லையே?” என்று குகநேசன் ஒருமுறை கம்பெனிக்காரனிடம் கேட்டார்.

“மொழிபெயர்க்காது ஐயா. உண்மையை மட்டும் சேர்க்கும்,” என்றான் அவன்.

துவிஷாவின் உண்மை எது என்று தீர்மானித்தவர் குகநேசன்தான். அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அவளுக்கு ஆறு வயது. சட்டம் இன்னும் வரவில்லை. பள்ளியில் சேரமுதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இன அடையாளம் தோட்டில் பதியவேண்டும்.

“பிள்ளைக்குத் தாய் இந்த ஊர். நான் யாழ்ப்பாணம். பாதி பாதி போடலாமோ?”

“பாதி என்று ஒரு பொத்தான் இல்லை, ஐயா,” என்றார் பதிகிறவர்.

“இரண்டும் எண்டு?”

“அதுவும் இல்லை.”

சிக்ரிட் சிரித்தாள். “நீ தேர்ந்தெடு, குகா. எதை ஒட்டினாலும் அவள் என் வயிற்றிலிருந்து வந்தவள்.”

அந்த வாரம்தான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவும் வந்தது. அதில் பேச்சுப்போட்டி. புலம்பெயர்ந்த தமிழனுக்கு வேலை போகலாம், முடி போகலாம், பிள்ளையின் பேச்சுப்போட்டிக் கோப்பை போகக்கூடாது. பிள்ளைகள் ஒரு சொல்லும் விளங்காமல் பாடமாக்கி ஒப்புவிப்பார்கள். நடுவர்களும் தோடு போட்டிருப்பார்கள். தமிழ் அடையாளம் பதிந்த பிள்ளை தமிழில் எப்படித் தடுமாறினாலும், நடுவர் காதில் அது வல்வெட்டித்துறைத் தண்ணீர் குடித்து வளர்ந்த தமிழாகவே போய் விழும் என்ற இரகசியம் எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். நடுவர்களுக்கும் தெரியும். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

குகநேசன் ‘தமிழ்’ பொத்தானை அமத்தினார்.

துவிஷா முதலாம் இடம். கோப்பை அவளுடைய இடுப்பளவு. பள்ளிச் செயலாளர் பரராஜசிங்கம் மேடையில் ஏறிக் கண்ணைத் துடைத்தார். “வெள்ளைக்காரியின்ர வயித்தில பிறந்தும் இந்தப் பிள்ளை என்ன வடிவாத் தமிழ் கதைக்குது பாருங்கோ!” மண்டபம் கைதட்டியது. அன்று தோட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்த சிக்ரிட் மட்டும், “படிக்கட்டில் உருளைக்கிழங்கு மூட்டை அவிழ்ந்து உருண்டதுபோல் இருந்தது,” என்றாள். குகநேசன் அதற்கு அவளோடு ஒருநாள் முழுக்கக் கோபம்.

பிறகு சட்டம் வந்தது. பதிந்தது பதிந்தபடி உறைந்தது. கோப்பைக்காக ஒட்டிய சாயல், பிள்ளையின் தாய்மொழிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தாயின் குடும்பம் பரம்பரையாய்ப் பேசிய குடாக்கரை வட்டார வழக்கில் துவிஷா பேசுவாள். கேட்கிறவர் காதில் அது நேற்று விமானத்தால் இறங்கியவளின் பேச்சாக விழும். ‘எங்கள் மொழியை நன்றாகப் பேசுகிறாயே!’ என்று பாராட்டுவார்கள். பள்ளியில், பஸ்ஸில், பல் வைத்தியரிடத்தில்.

கரண்டியைப் பொறுக்கிய பின் குகநேசன் ஒரு தட்டில் பிட்டும் முட்டைப் பொரியலும் வைத்துக்கொண்டு மேலே போனார்.

“பிள்ளை. துவி. எழும்பு. கொஞ்சம் சாப்பிடு.”

போர்வை பேசியது. “பசிக்கேல்லை அப்பா.”

“பசிக்காட்டியும் சாப்பிடலாம். நான் அப்பிடித்தான் இந்தத் தொந்தியை வளத்தனான்.”

போர்வை விலகியது. வீங்கிய கண்கள். தாயின் மூக்கு, தகப்பனின் புருவம். இருபத்துநாலு வயதில் முகத்தில் ஒரு பொத்தான் இல்லாமலே இரண்டும் இருந்தன.

“என்னம்மா நடந்தது? முழுக்கச் சொல்லு.”

“நான் எல்லாம் சரியாத்தான் செய்தனான். அந்த மனுசி எடுத்தவ. புருஷன் விழுந்திட்டார், மூச்சில்லை எண்டா. அம்புலன்சை உடன அனுப்பிட்டன். அது போய்ச் சேருமட்டும் நெஞ்சை அமத்தச் சொல்லிக்குடுக்கோணும். ‘கையை நெஞ்சின்ர நடுவில வையுங்கோ’ எண்டு தொடங்கினன். அவ சொல்லுறா, ‘எங்கட ஆள் ஒருத்தரைத் தா’ எண்டு. நான் இந்த ஊர்தான் அம்மா எண்டன். ‘பொய் சொல்லாதே, எனக்குக் காது கேட்கும்’ எண்டிட்டுப் போனை வைச்சிட்டா.”

“பேந்து?”

“திருப்பி நான் எடுத்தன். என்ர குரலைக் கேட்டவுடன திரும்பவும் வைச்சா. மற்ற மேசைக்கு மாத்தி, அங்க இருந்தவன் கதைச்சு, அவ கையை வைக்கேக்குள்ள...” அவள் நிறுத்தினாள். “இப்ப என்னை விசாரிக்கப் போகினம். என்ர பேச்சு விளங்கேல்லை எண்டு முடிவெடுத்தால் வேலை போகும். வேலை போனால் போகட்டும் அப்பா. அந்த மனுசன் என்னாலதான் செத்தவர் எண்டு எழுதுவாங்கள். அதைத்தான் என்னால தாங்கேலாது.”

குகநேசன் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு இருந்தது. இருபத்தைந்து வயது ஆகும்வரை ஒருமுறை அடையாளத்தை மாற்றலாம். எந்தப் பெற்றோரின் அடையாளத்தைக் கைவிடுகிறார்களோ அவர் சம்மதித்துக் கைரேகை வைக்கவேண்டும்.

“நான் ரேகை வைக்கிறன். நீ அம்மான்ர பக்கம் போ. நாளைக்கே.”

“வைச்சால் நான் தமிழ் கதைக்கேக்கை உங்களுக்கு எப்பிடிக் கேக்கும் எண்டு யோசிச்சியளோ?”

யோசித்திருந்தார். படி ஏறும்போதே யோசித்திருந்தார். மகளின் மழலை தாண்டிய தமிழை அவர் தன் சொந்தக் காதால் கேட்டதே இல்லை. அவர் கேட்டதெல்லாம் தோடு திருத்திக் கொடுத்த தமிழ். ‘அப்பா’ என்று அவள் கூப்பிடுவது தன் தங்கைமார் கூப்பிட்டதுபோலக் கேட்கும். ரேகை வைத்தால் அதுவும் பாதிரியார் பிரசங்கமாகிவிடும்.

“அம்மா மாதிரிக் கேக்கும். அதாலை என்ன? அம்மாவோட முப்பது வருஷம் காலம் தள்ளினவனுக்கு இது ஒரு கஷ்டமோ?”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

“வேண்டாம் அப்பா. மாத்தினால் அந்த மனுசி செய்தது சரி எண்டு ஆகிடும். நான் இவ்வளவு நாளும் இந்த ஊர் ஆள் இல்லை, ரேகை வைச்ச பிறகுதான் ஆனனான் எண்டு ஆகிடும். ஏன் நான் மாறோணும்? அவையள் தோட்டைக் கழட்டட்டும். கழட்டிப்போட்டு என்ர குரலைக் கேக்கட்டும். அதைத்தான் நான் கேக்கப்போறன்.”

மகள் பிட்டைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். குகநேசன் பெருமையில் முட்டைப் பொரியலை அவள் பக்கம் தள்ளிவைத்தார். பயத்திலும்தான்.

விசாரணை நகரசபைக் கட்டடத்தில் நடந்தது. கோப்பியும் கறுவா மணக்கும் இனிப்புப் பணிசும் வைத்திருந்தார்கள். கழுத்தை அறுக்கமுன் கோப்பி கொடுப்பது இந்த நாட்டின் நாகரிகம். குகநேசன் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார். அது முன்னால் மூட மறுத்ததால், கோபமாக இருக்கவேண்டிய இடத்தில் வயிற்றை உள்ளிழுத்தபடி இருக்கவேண்டியதாயிற்று.

குழுவில் மூன்று பேர். தலைவி அஸ்த்ரூப் அம்மையார், வெள்ளி முடி, மென்மையான கண்கள். இடமும் வலமுமாக ஒரு வைத்தியர், ஒரு சட்டத்தரணி.

“நாங்கள் யாரையும் குற்றஞ்சாட்டுவதற்காகக் கூடவில்லை,” என்றார் அம்மையார். “தெளிவு என்பது உயிரைக் காக்கும். அழைத்த மூதாட்டி கேட்ட குரல் தெளிவாக இருந்ததா என்பதே கேள்வி.”

“அவ கேட்டது என்ர குரலை இல்லை. தோடு செய்த குரலை,” என்றாள் துவிஷா. தகப்பனின் காதில் அவள் சுத்த யாழ்ப்பாணம். “நீங்கள் இப்ப கேக்கிறதும் அதைத்தான். தயவுசெய்து கழட்டுங்கோ. நான் அண்டைக்குச் சொன்னதை அப்பிடியே சொல்லுறன்.”

சட்டத்தரணி வாய் திறந்தார். அம்மையார் கையை உயர்த்தினார். “நாங்கள் நியாயமானவர்கள்,” என்று சொல்லித் தன் தோட்டைக் கழற்றிக் கோப்பித் தட்டில் வைத்தார். மற்ற இருவரும் கழற்றினார்கள்.

துவிஷா எழுந்து நின்றாள். “கையை நெஞ்சின்ர நடுவில வையுங்கோ. மற்றக் கையை அதுக்கு மேல. அமத்துங்கோ. பயப்பிடாதேங்கோ, நான் உங்களோட இருக்கிறன்.”

பக்கத்தில், தானும் தோட்டைக் கழற்றியிருந்த சிக்ரிட் குகநேசனின் கையைப் பிடித்து நொறுக்கினாள். தாயின் மொழி, தாயின் ஊர், தாயின் தாளம். அதில் ஒரு மாசும் இல்லை என்பது அவள் பிடியிலேயே தெரிந்தது.

அம்மையார் தலையைச் சற்றுச் சாய்த்தார். “அழகு. மிக நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால்...” வைத்தியரைப் பார்த்தார்.

“ஒரு சாயல் இருக்கிறது,” என்றார் வைத்தியர்.

“சற்று வெயில் அடித்த சாயல்,” என்றார் சட்டத்தரணி.

“தோடு இல்லாமலா?” என்றாள் துவிஷா.

“தோடு இல்லாமலும்தான்.”

குகநேசனுக்குக் கோட்டுப் பொத்தான் தெறித்துவிடும்போல் இருந்தது. இத்தனை நாளும் அவர் அந்தக் கடலைக் கருவியையே திட்டிக்கொண்டிருந்தார். கருவி தட்டில் கிடக்கிறது. சாயல் இன்னும் அறைக்குள் நிற்கிறது.

துவிஷா மூச்சை இழுத்தாள். “என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு கேக்கிறியள். கதிரையை யன்னல் பக்கம் திருப்புங்கோ. கடலைப் பாத்துக்கொண்டு கேளுங்கோ. இன்னொருக்காச் சொல்லுறன்.”

மூவரும் பரிதாபப்பட்டுத் திரும்பினார்கள். துவிஷா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அவள் நெஞ்சில் கைவைத்து விழுங்கிக்கொண்டிருந்தபோது சிக்ரிட் எழுந்தாள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே குரல். தோடு இல்லாமல் கேட்டால், தொலைபேசியில் சொந்தத் தாய்மாமனே மாறி நலம் விசாரிப்பான்.

“கையை நெஞ்சின் நடுவில் வையுங்கள்,” என்றாள் சிக்ரிட். “மற்றக் கையை அதன் மேல் வையுங்கள். அழுத்துங்கள். அஞ்சாதீர்கள். நான் உங்களோடு இருக்கிறேன்.”

கடலைப் பார்த்தபடி வைத்தியர் தலையாட்டினார். “ஆம். இந்த முறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது.”

“சொற்களின் முடிவில்,” என்றார் சட்டத்தரணி. “அந்தத் தெற்கத்திய இழுவை.”

“வருத்தமாக இருக்கிறது, பிள்ளையே. எங்கள் காது பொய் சொல்லாது,” என்றபடி அம்மையார் கதிரையைத் திருப்பினார்.

நடுவில் நின்றது சிக்ரிட். பாட்டன், பூட்டன், பூட்டனின் பூட்டன் எல்லோரும் இதே குடாவில் மீன் பிடித்து இதே தேவாலயத்தின் பின்னால் புதைந்திருக்கும் சிக்ரிட்.

முதலில் சிரித்தது குகநேசன். தனக்கே கேட்குமளவுக்கு, கோட்டுப் பொத்தான் உண்மையிலேயே தெறித்து உருளுமளவுக்குச் சிரித்தார். துவிஷா அழுதபடி சிரித்தாள். அம்மையாரின் மென்மையான கண்கள் தட்டில் கிடந்த தோட்டைத் தேடின.

“முடிவு பின்னர் அறிவிக்கப்படும்,” என்றார்.

அந்த இடைப்பட்ட நாட்களில் வீட்டில் திருவிழா. குகநேசன் அந்தக் காட்சியை ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நடித்துக் காட்டினார். ‘தெற்கத்திய இழுவை’ என்று சொல்லிச் சொல்லி மீன் குழம்பு புரையேறியது. இனி எந்த முகத்தோடு பிள்ளையைக் குற்றஞ்சொல்லுவார்கள் என்று நினைத்தார். பாவம், முப்பது வருடம் இருந்தும் அவருக்கு அந்த நாட்டு அலுவலகங்களைத் தெரியவில்லை.

திரும்பக் கூப்பிட்டார்கள். இந்த முறையும் பணிஸ் இருந்தது.

அம்மையார் முடிவைச் சொன்னார். “பேசியவர்கள் இருவர். குழு இருவரிடமும் ஒரே சாயலைக் கேட்டது. குழுவின் காது விசாரணைக்கு உட்பட்டதல்ல. ஆகவே இருவரிடமும் அந்தச் சாயல் இருக்கிறது. திருமதி சிக்ரிட் நீண்ட காலமாகப் புலம்பெயர்ந்த குடும்பத்தில் வாழ்ந்திருக்கிறார். சாயல் மாறுவது இயல்பு. அவருடைய பதிவு இன்று முதல் திருத்தப்படுகிறது.”

“என்னவாகத் திருத்தப்படுகிறது?” என்றாள் சிக்ரிட்.

“தமிழ்.”

சிக்ரிட் பணிஸ் தட்டைத் தள்ளிவைத்தாள்.

“இதனால்,” அம்மையார் மென்மையாகத் தொடர்ந்தார், “குழு கேட்டது சரியே என்று உறுதியாகிறது. தமிழ் அடையாளம் உள்ள இருவரிடம் தமிழ்ச் சாயலைக் கேட்டிருக்கிறோம். அழைத்த மூதாட்டி தயங்கியதும் நியாயமே. செல்வி துவிஷா எழுத்துப் பிரிவுக்கு மாற்றப்படுவார். அங்கே குரல் தேவைப்படாது.”

குகநேசன் எழுந்தார். “அம்மா, உங்கட காது பிழை எண்டு ஒத்துக்கொள்ளுறதிலும் பாக்க என்ர மனுசியைப் பிழையாக்கிறது லேசாப் போச்சோ? ஒரு பிள்ளையில ஒட்டினது காணாதெண்டு தாயிலையும் ஒட்டுறியளோ? நாளைக்கு என்ன, இந்தக் கட்டடத்து வாசல் காவலாளி எனக்கு வணக்கம் சொல்லுறான், அவனையும் தமிழனாக்கிப்போடுங்கோ!”

“ஐயா, சற்று மெதுவாகப் பேசுங்கள். உங்கள் சாயல் விளங்கவில்லை,” என்றார் சட்டத்தரணி.

துவிஷா தகப்பனைப் பிடித்து இருத்தினாள். அவள் அழவில்லை. “எழுத்துப் பிரிவுக்கு நான் போகேல்லை. மேன்முறையீடு போடுறன். அங்க திரைக்குப் பின்னால அம்மாவையும் என்னையும் மட்டும் இல்லை, உங்களையும் நிப்பாட்டச் சொல்லிக் கேப்பன், அம்மையார். உங்கட குரலில அவையளுக்கு எந்த ஊர் கேக்குதெண்டு பாப்பம்.”

“அதற்கு விதியில் இடமில்லை,” என்றார் அம்மையார். இதுவரை பேசியதைவிட அதைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் சிக்ரிட் வெதுப்பகத்துக்குள் நுழைந்தாள். கோபம் வந்தால் ரொட்டி வாங்குவது அவள் வழக்கம். கல்லாவில் இருந்தவள் மாரித். சின்ன வயதில் இருவரும் ஒரே கயிறடித்து விளையாடியவர்கள்.

“ஒரு தவிட்டு ரொட்டி தா மாரித். வெட்டாமல்.”

குகநேசன் திடுக்கிட்டார். அவர் காதில் அது பாதிரியார் தமிழ் இல்லை. பருத்தித்துறைச் சந்தையில் மீன் விலை பேசும் ஒரு பெண்ணின் தமிழ். பதிவு திருத்தியாயிற்று. அரசாங்கம் மற்ற எதையும் இவ்வளவு விரைவாகச் செய்ததில்லை.

மாரித் சிக்ரிட்டின் முகத்தைப் பார்த்தாள். தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். முகம் தெரிந்த முகம்தான். ஆனால் காது சொன்னதை முகத்தால் வெல்ல முடியவில்லை. மெல்ல அவள் வாய் அகன்றது. குரல் உயர்ந்தது. விரலைத் தூக்கிக் காட்டினாள்.

“ரொட்டி. ஒன்றா? இரண்டா?”

“ஒண்டு. உனக்கு என்ன விசரே? நான்தான், சிக்ரிட்!”

“தெரியும், சிக்ரிட்.” மாரித் பாசமாகச் சிரித்தாள். “நீ நன்றாகப் பேசுகிறாய்!”

முப்பது வருடமாக அந்தப் பாராட்டைக் குகநேசன் வாங்கி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். மகள் வாங்கியபோது பல்லைக் கடித்திருக்கிறார். மனைவியின் முகத்தில் அது விழுந்ததைப் பார்க்க அவருக்கு ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. சிக்ரிட் ரொட்டியை எடுக்காமலே வெளியே வந்தாள். துவிஷா தாயின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். மூவரும் காற்றுக்கு எதிராக நடந்தார்கள்.

வீட்டுப் படலையைத் திறக்கமுதலே பரராஜசிங்கம் அழைத்தார்.

“தம்பி குகன்! கேள்விப்பட்டன், கேள்விப்பட்டன். தங்கச்சி சிக்ரிட் தமிழாயிட்டாவாம்! இந்த முறை ஆண்டு விழாவில மேடையில ஏத்திப் பொன்னாடை போத்துறம். தமிழன்ர பெருமை இல்லையோ இது?”

“பரா அண்ணை.” குகநேசனுக்கு யார்மேல் கோபம் என்றே பிடிபடவில்லை. அம்மையார்மேலா, அண்ணைமேலா, ஒரு கோப்பைக்காகப் பொத்தானை அமத்திய விரல்மேலா. “அந்தப் பொன்னாடையை அந்த அஸ்த்ரூப் அம்மையாருக்குப் போத்துங்கோ. ஒரு காலைப்பொழுதில ஒரு தமிழிச்சியை உற்பத்தி செய்தவ. நீங்கள் பள்ளிக்கூடம் நடத்தியும் செய்யேலாத வேலை.”

“ஏன் தம்பி கோவிக்கிறீர்? நல்ல விஷயம்தானே...”

அழைப்பைத் துண்டித்தார்.

துவிஷா மேலே போய் மேன்முறையீட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மாடியிலிருந்து அவள் குரல் அடங்காமல், தளராமல் வந்துகொண்டிருந்தது. குசினியில் சிக்ரிட் உருளைக்கிழங்குத் தோலை உரித்தாள். உரித்தாள் என்பதைவிடக் கிழங்கைத் தண்டித்தாள் என்பது பொருத்தம்.

“இஞ்ச பாருங்கோப்பா, அந்த மாரித்துக்கு என்ன திமிர்! என்ர அப்பர் கட்டின படகில ஏறித் திரிஞ்சவள் எனக்குப் பாஷை நல்லா வருதாம். நீங்களும் பாத்துக்கொண்டு நிண்டியளே...”

குகநேசன் வாசலில் நின்றுவிட்டார். தமிழ்க் கலியாண வீடுகளில் மற்றவர்களின் மனைவிமார் தமிழில் ஏசுவதைக் கேட்டு அவர் உள்ளுக்குள் பொறாமைப்பட்டதுண்டு. இப்போது கிடைத்துவிட்டது. இலக்கணமாய், ஊர் மணத்தோடு. அவருக்கோ யாரோ அயல்வீட்டுப் பெண் தன் குசினிக்குள் வந்து நிற்பதுபோல் இருந்தது. அந்தக் குரலுக்குள் சிக்ரிட்டைத் தேடினார். கரண்டியை எடு, அதன் பின்பு கோபம் கொள் என்று கட்டளையிடும் அந்த மரக்கட்டைத் தமிழ்க்காரி எங்கேயும் இல்லை. அவள் உயிரோடு கண்முன் நிற்கும்போதே அவளை எங்கோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தோட்டைக் கழற்றினார். உலகம் கல்லானது.

சிக்ரிட்டின் வாய் அசைந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. அவர் காதைப் பார்த்தாள். மேசையில் கிடந்த தோட்டைப் பார்த்தாள். மாவும் மண்ணுமான கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து, அவர் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டைக்குழியில் வைத்தாள். பிறகு பேசினாள்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. தோலுக்கு அடியில் ஒரு துடிப்பு மட்டும். அப்புறம் அதில் ஒரு தாளம் வந்தது. காது இருந்த காலத்தில், தொழிற்சாலை வாசலில், பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுப் பஸ்காரனை அவள் திட்டிக்கொண்டிருந்தபோது அவர் முதன்முதலாகக் கேட்டு நின்ற தாளம். என்ன சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் யாரைச் சொல்கிறாள் என்று தெரிந்தது. வெள்ளி முடி, மென்மையான கண்கள். அச்சில் ஏற்ற முடியாத சொற்கள்தான், சந்தேகமில்லை.

“இன்னொருக்காச் சொல்லு,” என்றார், தனக்கே கேட்காத குரலில்.

அவள் சொன்னாள். கையை எடுக்காமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.